சித்திரைக் கடைசியின் முப்பத்தாறு சைபர்கள்

கொல்லிமலையில் நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் மழை அளந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பத்தின்மேல் தானியங்கி மானி நிற்கிறது. கால் மணிக்கு ஒரு முறை அதுவே அளந்து, அதுவே அனுப்பிவிடுகிறது. அதற்குக் காய்ச்சல் வருவதில்லை. அதன் ஊரில் பண்டிகையும் கிடையாது. அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வரவில்லை, நிம்மதிதான் வருகிறது.

நிலையத்தை இப்போது கவனிக்கும் மேகலா பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, உங்க ஆரம்ப வருசங்கள்ல சித்திரைக் கடைசி மட்டும் இப்பிடிக் காஞ்சு கெடக்குதே, ஏனுங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலை முப்பத்தெட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இயற்பியல் படித்தேன். இரண்டு ஆண்டுகள் வேலை தேடினேன், பிறகு தேவனூர் நாட்டில் (மலை ஊர்களின் தொகுதியை அங்கே நாடு என்பார்கள்) ஒரு சிறு பண்ணையின் மழைப்பதிவு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் உண்மையான பயிற்சி நடேசன் சார்.

நான் சேர்வதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த நிலையத்தைத் தொடங்கியவர் அவர். ராசிபுரத்துப் பக்கம். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. காலை எட்டு இருபதுக்கு வானொலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பார். எட்டரைக்கு மானியின் புனலைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் புட்டியிலிருந்து தண்ணீரை அளவுக் கண்ணாடிக் குவளையில் சாய்ப்பார். ஒரு சொட்டும் புட்டியின் கழுத்தில் தங்கக் கூடாது. குவளையைச் சமமான கல்லின்மேல் வைத்துவிட்டு, ஈரத் தரையில் முட்டி போட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். முதல் நாள் நான் குவளையைக் கையால் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"கண்ணத் தண்ணிக்கு எறக்கப்பா. தண்ணியக் கண்ணுக்குத் தூக்காத" என்றார். அவ்வளவுதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் முட்டி போட்டதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அவருடைய இரண்டாவது விதி பதிவேட்டைப் பற்றியது. மழை இல்லாத நாளில் சைபர். பார்க்க முடியாத நாளில் ஒரு கோடு. பார்க்காமல் விட்ட நாள்களுக்குப் பிறகு புட்டியில் தண்ணீர் இருந்தால் மொத்தமாக அளந்து, 'இத்தனை நாளில் சேர்ந்தது' என்று எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்றால் சிவப்பு மையால் வெட்டி, சரியானதை எழுதி, பெயரும் தேதியும் போட வேண்டும்.

ஒரு முறை அவருக்கே விஷக்காய்ச்சல் வந்தது. நானும் அப்போது புதிது, விடுப்பில் இருந்தேன். மூன்று நாள் மானியைப் பார்க்க ஆளில்லை. மாத அறிக்கையில் மூன்று கோடுகள் போயின. கீழே அலுவலகத்திலிருந்து, கட்டங்களை நிரப்பி அனுப்பும்படி அறிக்கை திரும்பி வந்தது. சார் அப்படியே திருப்பி அனுப்பினார். மறுபடியும் வந்தது. அடுத்த முறை ஜீப்பில் ஓர் அதிகாரியே வந்துவிட்டார்.

"மூணு சைபர் போட்டா என்னய்யா கொறஞ்சு போகுது? வெயில் காலந்தானே?" என்றார் அவர்.

"சைபர்னா நான் பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தமுங்க. நான் பாக்கலீங்க" என்றார் சார்.

"பாத்த மாதிரி வெச்சுக்கய்யா."

"பாத்த மாதிரிங்கறதுக்கு நம்ம ஏட்டுல கட்டமே இல்லீங்களே."

அதிகாரி சிரித்துவிட்டார். கோடுகள் கோடுகளாகவே நின்றன. அன்று நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். அடுத்த சித்திரையிலேயே அவருக்குத் துரோகம் செய்தேன். இரண்டும் உண்மை.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை சித்திரைக் கடைசியில் வரும். இருபதாம் தேதியிலிருந்து இருபத்தெட்டுவரை ஒன்பது நாள். என் மனைவியும் குழந்தையும் ஊரில் இருந்தார்கள். அதே இரண்டு வாரங்களில்தான் சார், பருவமழைக்கு முன் மற்ற நிலையங்களின் மானிகளைச் சரிபார்க்கப் பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் போவார். நிலையத்தில் நான் மட்டும். மாற்று ஆள் இல்லாததால் விடுப்பு கிடைக்காது. ஆகவே சொல்லாமல் போனேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சித்திரையில் போகவில்லை. அந்த வாரம் உண்மையாகவே ஒரு துளி பெய்யவில்லை. 'இந்த வாரம் எப்படியும் காயும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போயிற்று. அடுத்த நான்கு ஆண்டுகளும் போனேன். திரும்பி வந்து ஒன்பது சைபர்களை ஒரே மூச்சில் எழுதினேன். மை வேறுபடாமல் இருக்க ஒரே பேனா, கையெழுத்து மட்டும் சற்றுச் சாய்த்தும் நிமிர்த்தியும். மழை என்று எழுதினால் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டு யாராவது கேட்கலாம். கோடையில் சைபரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நான்கில் மூன்று ஆண்டுகள், நான் திரும்பி வந்தபோது புட்டியில் தண்ணீர் இருந்தது. ஓர் ஆண்டு புட்டி நிரம்பி, வெளிப்பாத்திரத்திலும் வழிந்திருந்தது. அளக்கவில்லை. மானியின் பக்கத்தில் நின்ற செம்பருத்திச் செடிக்கு அதை ஊற்றினேன். தெரியாமல் எழுதிய சைபர் அல்ல அது. கையில் ஈரத்தோடு எழுதியது.

அந்த நான்காவது சித்திரைக்கு அடுத்த மாசியில் வெள்ளையன் வந்தார். பக்கத்துக் குக்கிராமத்தில் மிளகுக் கொடி வைத்திருந்தவர். மகள் அரசாயிக்குத் திண்ணனூர் நாட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். மலையில் கல்யாணம் என்றால் சாமை அறுப்பு முடிந்து தையில் தொடங்கும், பங்குனியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். களம் காய்ந்திருக்கும், தானியம் வீட்டில் இருக்கும், ஓடைகளில் கால் நனையாது. ஆனால் இந்த மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். அவருக்குக் கிடைத்த விடுப்பு சித்திரை பத்திலிருந்து வைகாசி பாதிவரைதான்.

"ஊர்க்கவுண்டரு நாள் பாத்து மூணு தேதி குடுத்திருக்காருங்க. சித்திர பன்னெண்டு, சித்திர இருவத்தி நாலு, வைகாசி ஏழு. மூணும் நல்ல நாளுதான். எதுல மழ பெய்யாதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார் வெள்ளையன்.

சார் சிரித்தார். "ஏனுங்க, நான் என்ன வருண பகவானா?"

"அவருக்கு எழுதத் தெரியாதுங்களே. நீங்கதான் தெனம் எழுதி வெக்கறீங்க."

வெள்ளையனின் கவலை விளையாட்டல்ல. கல்யாணம் அவர் வீட்டுக் களத்தில். திறந்தவெளியில் அறுநூறு பேருக்குச் சமையல். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே நடந்து வர வேண்டும், வழியில் ஓர் ஓடை. அதற்குப் பாலம் கிடையாது. கோடை இடிமழை மேற்கே ஒரு மணி நேரம் கொட்டினால் அந்த ஓடை மார்பளவு ஓடும்.

சார் ஒன்பது ஆண்டுப் பதிவேடுகளையும் மேசையில் அடுக்கினார். கோடு போட்ட தாளை எடுத்தார். ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் நான்கு நாள் சேர்த்து எண்ணினார். "மொத்தம் எவ்வளவு பேஞ்சதுங்கறது உங்களுக்கு வேண்டாமுங்க. எத்தன நாள் பேஞ்சதுங்கறதுதான் வேணும்" என்று விளக்கினார். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாளை மட்டும் மழைநாளாகக் கணக்கிட்டார். ஒரு முறை எண்ணியதைத் தாளை மூடிவைத்து மறுபடி எண்ணினார். ஒரு முழு முற்பகல் அதற்குப் போயிற்று. ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணின் கல்யாணத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த வேறோர் அதிகாரியை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் தேதியும் வைகாசி ஏழும் நனைந்து கிடந்தன. இருபத்து நாலைச் சுற்றிய நாள்கள்தான் வெளுத்திருந்தன.

சாரின் பென்சில் அங்கே நின்றது. "மொத நாலு வருசத்துல ரெண்டு தடவ நல்லாப் பேஞ்சிருக்கு. அப்பறம் அஞ்சு வருசம் ஒரு பொட்டு இல்ல" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, இந்த அஞ்சும் நீ அளந்ததுதான? சரியா இருக்குமில்ல?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் குவளையைச் சரிபார்ப்பதுபோல, வழக்கமாகக் கேட்டார். வெள்ளையன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார்" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அது.

சார் அப்போதும் எச்சரித்தார். "ஒம்பது வருசம் ரொம்பச் சின்னக் கணக்குங்க. இருந்தாலும் மூணுல இருவத்தி நாலுதான் தேவல." வெள்ளையன் மடியிலிருந்து ஒரு மிளகுப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். சார் அதை அவர் கையிலேயே திருப்பி வைத்து, "கல்யாணச் சோறு போடுங்க, போதும்" என்றார்.

அந்த ஆண்டு சார் சுற்றுப்பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கல்யாணத்துக்காகவே மலைக்குத் திரும்பினார். நானும் பண்டிகைக்குப் போகவில்லை. சித்திரை இருபத்து மூன்றாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. கால் மணியில் மலை தெரியவில்லை. சார் நிலையத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பண்ணை ஆள் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் கூடைகளோடு ஓடைக்கு வந்தபோது வெள்ளம். ஆழம் பார்க்க மாப்பிள்ளையின் அப்பா சடையன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதலில் இறங்கியிருக்கிறார். உருண்டு வந்த மரம் ஒன்று அடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. இக்கரையில் களத்து அடுப்புகள் எல்லாம் கரைந்துபோயின.

நான் உடனே கிளம்ப எழுந்தேன். "எட்டரை ஆகட்டும்" என்றார் சார். எட்டரைக்கு முட்டி போட்டார். அறுபத்தொன்று புள்ளி நான்கு. அவரே எழுதினார். அதன்பிறகுதான் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடை முழங்கால் அளவுக்கு வடிந்திருந்தது. தூறல் விடவில்லை. சடையனைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மூங்கில் கட்டி, ஜீப் வரும் இடத்துக்குத் தூக்கிப்போகத் தயாராக நான்கு பேர் நின்றார்கள். மாப்பிள்ளை அப்பாவோடு கீழே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகூர்த்தம் பத்தரை. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வைகாசிக்குள் ராணுவம் கூப்பிட்டுவிட்டால் அடுத்த விடுப்பு எப்போதோ. முறிந்த காலுக்கு முறிந்த கல்யாணம் என்று ஊர் வாய் பேசும் என்ற பயமும் இருந்தது.

அப்போது அரசாயி வந்தாள். இருபது வயது. கல்யாணப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவைப் பின்னால் விட்டுவிட்டு, களத்திலிருந்து சேற்றில் நடந்து வந்தாள். கட்டிலின் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, நீங்க கண்ணால பாக்காத கல்யாணம் எனக்கு வேண்டாமுங்க. இங்கயே கட்டச் சொல்லுங்க. அப்பறம் அவரு உங்களோட ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

"இந்தச் சேத்துலயா, கண்ணு?" என்றார் சடையன்.

"சேத்துல நாத்து நட்டா வேர் புடிக்குதுங்களே."

வலியிலும் அவர் சிரித்தார். பத்தரைக்கு ஓடைக்கரையில், ஒரு கட்டிலும் நான்கு குடைகளும் சூழத் தாலி ஏறியது. கொட்டுக்காரரின் மேளத்தோல் நனைந்து சத்தமே எழவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

தாலி ஏறியதும் சார் கட்டிலருகே போனார். கைகூப்பினார். "நாள் சொன்னது நானுங்க. என் கணக்குத் தப்பாப் போச்சு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"காலு ஒடஞ்சது எனக்கு. மொகம் ஒடஞ்சு நிக்கறது நீங்களா?" என்றார் சடையன். "மழ பெய்யறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க சாமி? போங்க, போய்ச் சாப்பிடுங்க. அடுப்புல ஒண்ணாச்சும் எரியுதான்னு பாருங்க."

நான் அப்போது சாரின் பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது அது மட்டும்தான். ஒரு வார்த்தை போதும், அவர் தலை நிமிர்ந்திருக்கும். என் வேலை போயிருக்கும். நான் குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தேன்.

சடையனின் எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மிளகு பறிக்க மூங்கில் ஏணி ஏற அவரால் அதன்பிறகு முடியவில்லை. சாரிடம் அதற்குப் பின் யார் நாள் கேட்டு வந்தாலும் "எனக்குத் தெரியாதுங்க" என்ற பதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஏடுகளைத் திறந்து, தன்னுடைய முதல் நான்கு ஆண்டுக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். தப்பு தன் பக்கத்தில் இருக்கும் என்று தேடினார். என் பக்கத்தில் அவர் தேடவே இல்லை.

மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெற்று ராசிபுரம் போனார். ஒவ்வொரு வைகாசியிலும் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். நலம் விசாரிப்பு ஒரு வரி. அடுத்த வரி: 'சித்திரை இருபது முதல் இருபத்தெட்டு வரை பெய்ததா?' நான் எழுதுவேன். பொய் எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு காலையும் வேண்டுமென்றே தவறவிட்டதில்லை. தவறியது காய்ச்சலில் இரண்டு நாள். அங்கே கோடுகள் இருக்கின்றன. கடைசி அட்டையில் அவர் எழுதியிருந்தார்: 'நீ அனுப்பிய பதினோரு ஆண்டில் எட்டு ஆண்டு அந்த வாரத்தில் மழை. நம் பழைய ஐந்து ஆண்டு எப்படி வறண்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.' அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரம் அட்டையை மேசையில் வைத்திருந்தேன். பத்தாம் நாள் அவர் மகனிடமிருந்து அவர் இறந்த செய்தி வந்தது.

அது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேகலா தொலைபேசியில் கேட்டபோது முதலில் "ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் தொடர்ந்தார்: "இப்பல்லாம் ஜனங்க போன்ல சராசரி மழை பாத்துட்டுத்தான் மண்டபம் பேசறாங்க ஐயா. இந்த ஏடும் அதுல போய்ச் சேரும்." என் சைபர்கள் இன்னும் யார் யாருக்கோ நாள் குறிக்கப் போகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "வாங்க ஐயா. செவப்பு மை வாங்கி வெக்கறேன்" என்றார்.

போனேன். முப்பத்தாறு சைபர்களை ஒவ்வொன்றாக வெட்டி, கோடு போட்டு, பெயரும் அன்றைய தேதியும் எழுதினேன். அந்த முப்பத்தாறில் சில உண்மையாகவும் இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை, ஆகவே கோடுதான். மேகலா பக்கத்திலேயே நின்றார். ஏட்டை மூடும்போது, "உங்க சாரு கையெழுத்து எவ்வளவு சுத்தமா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து அரசாயி வீட்டுக்குப் போனேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அரசாயி, என்னை அடையாளம் கண்டு, "வாங்க, மழக்கார ஐயா. எங்க ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?" என்றார். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். காப்பியைக் குடிக்காமல் நடந்ததைச் சொன்னேன். செம்பருத்திச் செடியைக்கூட விடவில்லை.

அவர் கை முறத்தில் நின்றது. கேட்டு முடித்ததும் மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

"எங்க மாமனாரு சாவற வரைக்கும் ஏணி ஏறலீங்க. மத்தவங்க ஏறறதக் கீழ நின்னு பாத்துட்டே இருப்பாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா இத எங்கிட்டச் சொல்லி என்ன? அந்தச் சாருகிட்டயில்ல சொல்லியிருக்கோணும். அன்னிக்கு அவரு கும்புட்டுட்டு நின்னது இன்னுங் கண்ணுக்குள்ள நிக்குதுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் மிளகைக் கொட்டிவிட்டு முறத்தைத் தட்டினார். "காப்பி ஆறுது, குடிங்க. எங் கடைசிப் பையனுக்குப் பொண்ணு பேசியாச்சு. அவங்க சித்திரக் கடைசியில வெக்கலாங்கறாங்க. இப்பச் சொல்லுங்க, அந்த வாரத்துல மழ வருமா, வராதா?"

என் காலத்து ஆண்டுகள், சாரின் ஆண்டுகள், அஞ்சலட்டையில் நான் எழுதியவை எல்லாம் மனத்தில் ஓடின. பாதிக்கு மேல் பெய்திருக்கிறது என்பதைச் சொன்னேன். வந்தால் பிற்பகலில் வரும் என்பதையும் சொன்னேன்.

"அது சரிங்க. இந்த வருசம் வருமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

அரசாயி என்னை ஒரு கணம் பார்த்தார். "இத சொல்றதுக்கு உங்களுக்கு முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்களா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, மகனைக் கூப்பிட்டு, "சாமி, பொண்ணூட்டுக்குப் போன் போடு. கல்யாணம் தையிலன்னு சொல்லு" என்றார்.